நாதம் பிறப்பது கருவியிலா, கலைஞரிடத்திலா?

(தொலைக்காட்சி அரங்க உரையின் கட்டுரை வடிவம்)

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் வட்டாரத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கி நடப்பவர்களுக்கு நாதஸ்வர ஓசை புதிதல்ல. பள்ளி விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பில் பேண்டு வாத்தியக் குழு முழங்கும் டிரம்பெட் ஓசையும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய ஒன்றுதான். ஒன்று கோயில் வாசலுக்கு உரியது, மற்றொன்று பள்ளித் திடலுக்கும் இசை மண்டபத்துக்கும் உரியது. இரண்டுமே மூச்சுக் காற்றால் பேசுபவை.

இவற்றில் ஒன்றைக் கற்க ஒரு பிள்ளை ஆசைப்படும்போது பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி எது? "எந்தக் கருவியை வாங்கினால் நல்ல சத்தம் வரும்?" என்பதுதான். ஆலய நிர்வாகத்தினரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். "தமிழ்நாட்டிலிருந்து நல்ல நாதஸ்வரம் ஒன்றை வரவழைத்துவிட்டால் போதாதா?" என்பது அவர்களின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கும் டிரம்பெட்டின் விலை பல்லாயிரம் வெள்ளி. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்துக்கு அது சாதாரணத் தொகை அல்ல. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கும் முன், ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

உதடும் சீவாளியும்

காற்றுக் கருவிகளில் பல குடும்பங்கள் உண்டு. டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. நாதஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. இந்த இரண்டு குடும்பத்தையும் ஒரே இடத்தில் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. கோலக்கங்சாரைத் தலைமையிடமாகக் கொண்ட பேராக் அரச மரபின் நோபாட் வாத்தியக் குழுவைப் பார்த்தாலே போதும். அதில் நஃபிரி என்னும் நீண்ட எக்காளமும் இருக்கிறது, செருனாய் என்னும் நாணல்வாய்க் குழலும் இருக்கிறது. நஃபிரி டிரம்பெட்டுக்கு உறவு, செருனாய் நம் நாதஸ்வரத்துக்கும் வடநாட்டு ஷெனாய்க்கும் உறவு.

உதடானாலும் சீவாளியானாலும் அது தனியாக அதிர்ந்தால் வருவது வெறும் 'பர்ர்' என்ற சத்தம்தான். அதைச் சுரமாக மாற்றுவது குழலுக்குள் நிற்கும் காற்று. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் மெல்லத் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகிறது. நேரம் தவறித் தள்ளினால் தடுமாறி நிற்கிறது. உதடோ சீவாளியோ தள்ளும் கை, குழலுக்குள் இருக்கும் காற்று ஊஞ்சல். எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் குழலின் நீளமும் துளையின் வடிவமும் தீர்மானிக்கின்றன. எப்படித் தள்ளுவது என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கிறார். ஓசையின் தன்மை இந்த இருவருக்கும் இடையே நடக்கும் ஒப்பந்தம் என்று சொல்லலாம்.

டிரம்பெட்டில் எத்தனை வகை?

பள்ளி பேண்டுகளில் பெரும்பாலும் இருப்பது 'பி பிளாட்' டிரம்பெட். அதன் குழலை நீட்டி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம் வரும். பெரிய இசைக்குழுக்களில், குறிப்பாக அமெரிக்காவில், அதைவிடச் சற்றுக் குட்டையான 'சி' டிரம்பெட்டே வழக்கம். ஒலி கொஞ்சம் கூர்மையாகவும், சுரம் பளிச்சென்று தொடங்கும்படியும் இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் இசைக்குழுக்கள் சுழல் வால்வு பொருத்திய டிரம்பெட்டைக் கையாள்கின்றன. அதன் ஒலி அகன்று, மற்ற வாத்தியங்களோடு கலந்துபோகும் தன்மை கொண்டது. 1998 ஆகஸ்டு 17ஆம் நாள் கோலாலம்பூரில் முதல் கச்சேரி நடத்திய மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைப் போன்ற குழுக்களின் நிகழ்ச்சிக்குச் செல்லும்போது, டிரம்பெட் கலைஞர்களின் கையை உற்றுப் பாருங்கள். பாட்டுக்கு ஏற்றபடி கருவியை மாற்றி எடுப்பதைக் காணலாம்.

நிறுவனங்களை எடுத்துக்கொண்டால் பாக் என்ற பெயரும் யமாஹா என்ற பெயரும் மாணவர்கள் அடிக்கடி கேட்பவை. பாக் நிறுவனத்தின் 'ஸ்ட்ராடிவேரியஸ் 180' வகை, 37ஆம் எண் மணிவாயோடு, பல இசைக்குழுக்களில் அளவுகோல் போலவே கருதப்படுகிறது. அதன் குழல் துளை 11.66 மில்லிமீட்டர். யமாஹா தொடக்க மாணவருக்கான எளிய வகையிலிருந்து தொழில்முறை 'ஜெனோ' வகை வரை படிப்படியாகச் செய்கிறது.

துளை அகலமானால் காற்று தாராளமாகப் போகும், ஆனால் வாசிப்பவர் அந்த அளவுக்கு மூச்சைத் தர வேண்டும். மணிவாய் மெதுவாக விரிந்தால் ஓசை ஒருமுகப்படும், சீக்கிரம் விரிந்தால் பரந்து ஒலிக்கும். இப்படி ஒவ்வொரு அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றம் தரும்.

பாக் நிறுவனத்தைத் தொடங்கிய வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டிரம்பெட் கலைஞர், பொறியியலும் படித்தவர். அவர் 1918இல் தொழில் தொடங்கியபோது செய்தது டிரம்பெட் அல்ல, அதன் வாய்ப்பகுதி. முழு டிரம்பெட் செய்யத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு துண்டுதான் உதட்டோடு நேரடியாகப் பேசுகிறது. அதன் கிண்ணம் ஆழமானால் ஓசை கனத்து வரும், ஆழம் குறைந்தால் பளபளப்பாகும். விளிம்பு உதட்டுக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த டிரம்பெட்டும் பயன்படாது. புதிய டிரம்பெட் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மாணவர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது பொருத்தமான வாய்ப்பகுதிதான்.

வெள்ளியா, தங்கமா, பித்தளையா?

"வெள்ளி முலாம் பூசினால் இனிமை, தங்க முலாம் என்றால் கம்பீரம்" என்றெல்லாம் கடைகளில் சொல்வது உண்டு. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் கோல்ட்மன் 1971இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்று பொருள்களில், உள்ளளவு மாறாமல் புல்லாங்குழல்களைச் செய்தார். கண்ணால் பார்க்காமல் கேட்டவர்களாலும், எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் வாசித்தவர்களாலும் எது எந்தப் பொருள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்மித் 1980களில் டிராம்போன் மணிவாய்களை வெவ்வேறு கனத்தில் செய்து, கண்ணைக் கட்டிய கலைஞர்களிடம் கொடுத்தார். அவர்களாலும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்காக உலோகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. டிரம்பெட் மணிவாயின் அதிர்வை அடக்கினால் ஒலியில் அளக்கக்கூடிய மாற்றம் வருகிறது என்று 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அது சிறிய மாற்றம். குழலின் உள்வடிவம் தருவதோடும், வாசிப்பவர் தருவதோடும் ஒப்பிட்டால் முலாமின் பங்கு சொற்பமே. முலாமுக்குத் தரும் கூடுதல் விலை பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

திமிரியும் பாரியும்

இப்போது நாதஸ்வரத்துக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கைவினைஞர்கள் ஆச்சா மரத்தைத்தான் நாடுகிறார்கள். அதிலும் இடித்த பழைய வீடுகளின் உத்திரம், தூண் போன்ற பல்லாண்டு காய்ந்த மரத்தையே விரும்புகிறார்கள். இதில் நம்பிக்கை மட்டுமல்ல, காரணமும் இருக்கிறது. ஈரம் வற்றிய மரம் சுருங்காது, கோணாது. கடைந்த துளை அப்படியே நிற்கும். துளை நின்றால் சுருதி நிற்கும்.

குழல் பகுதிக்கு உலவு என்று பெயர். கீழே விரியும் பகுதி அணசு. மேலே உள்ள சிறு உலோகக் குழாய் கெண்டை. அதில் செருகப்படுவது சீவாளி. விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளில் விரல் படாது. தேவையானவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

நாதஸ்வரத்திலும் வகைகள் உண்டு. திமிரி குட்டையானது. நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் ஓங்கி ஒலிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் சுவாமி புறப்பாடு தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். பாரி நீளமானது. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் கனிந்து ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவில் இடைபாரி.

பாரி நாதஸ்வரத்தின் கதையில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். ஒருவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956), மற்றவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பழைய கருவியில் சுத்த மத்தியமம் தன் இடத்தில் நிற்காமல் சற்று உயர்ந்துவிடும். வித்வான்கள் உதட்டாலும் மூச்சாலும் அதை இழுத்துப் பிடித்துச் சமாளித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் காது அந்தச் சமாளிப்போடு நிறைவடையவில்லை. ஆசாரி மீண்டும் மீண்டும் கடைந்து பார்த்து, சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசும் நீண்ட கருவியை உருவாக்கிக் கொடுத்தார். நிதானமாக ராகத்தை விரித்துச் செல்லும் கச்சேரி வாசிப்புக்கு அது பெருந்துணையாயிற்று.

இதிலிருந்து தெரிவது என்ன? கருவி முக்கியம்தான். ஆனால் எங்கே குறை இருக்கிறது என்று கண்டுபிடித்தது கலைஞரின் காது. அந்தக் காது உருவாகாத ஒருவரிடம் அதே பாரி நாதஸ்வரத்தைக் கொடுத்தால், அதன் அருமை அவருக்கே தெரியாது.

சீவாளி செய்யும் மாயம்

டிரம்பெட்டுக்கு வாய்ப்பகுதி எப்படியோ, நாதஸ்வரத்துக்குச் சீவாளி அப்படி. அதைவிட ஒருபடி மேல் என்றும் சொல்லலாம், ஏனென்றால் வாய்ப்பகுதி உலோகம், ஆண்டுக்கணக்கில் மாறாது. சீவாளியோ ஆற்றோரம் விளையும் நாணல் தட்டையிலிருந்து வருவது. திருவாவடுதுறைப் பகுதியில் இதைக் குடும்பத் தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. தட்டையைக் காயவைத்து, பதப்படுத்தி, வெட்டி, நூலால் கட்டி எடுப்பதற்குள் பல கட்டங்கள்.

ஒரே கையால், ஒரே நாளில் செய்த இரண்டு சீவாளிகள்கூட ஒரே மாதிரி பேசாது. ஒன்று கெட்டியாக இருக்கும், மூச்சைக் கேட்கும். மற்றொன்று இளகி இருக்கும், சீக்கிரம் பேசும், ஆனால் மேல் ஸ்தாயியில் கைவிட்டுவிடும். நாதஸ்வரத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகளை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை மாற்றுச் சீவாளிகள். கூடவே தொங்கும் ஊசி சீவாளியைச் சுத்தம் செய்யவும் சரிசெய்யவும் உதவுவது. அன்றைய வெயிலுக்கு, அன்றைய உதட்டுக்கு எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனிக் கலை.

பேராக்கின் வெயிலும் மழையும்

இந்தத் தேர்வு நம் மாநிலத்தில் இன்னும் கடினம். மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்றாகத் தைப்பிங் பேசப்படுகிறது. ஈப்போவிலும் நண்பகல் வெயில் சுட்டெரித்து, மாலையில் மழை கொட்டுவது சாதாரணம். ஈரக்காற்றில் சீவாளி நனைந்து இளகும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் காய்ந்து இறுகும்.

சூடும் சுருதியை மாற்றும். காற்று சூடேறினால் ஒலியின் வேகம் கூடும், சுருதி உயரும். குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 பாகை மாறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். நண்பகல் ஊர்வலத்தில் 33 பாகை, திருமண மண்டபத்தில் 23 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் சுருதிப்பெட்டி இரண்டு இடத்திலும் ஒரே சுருதியைத்தான் பாடும். கருவி பாடாது.

டிரம்பெட் கலைஞர் குழலின் நகரும் பகுதியை வெளியே இழுத்தோ உள்ளே தள்ளியோ சரிசெய்கிறார். நாதஸ்வரக் கலைஞர் சீவாளியை மாற்றுகிறார், கெண்டையில் அது நிற்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கிறார், மீதியை உதட்டால் பார்த்துக்கொள்கிறார். ஊரிலிருந்து புதுக்கருவி வந்து, முதல் நாளே "சுருதி சேரவில்லை, கருவி சரியில்லை" என்று குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கருவி இன்னும் நம் ஊர்க் காற்றோடு பழகவில்லை, வாசிப்பவர் இன்னும் அந்தக் கருவியோடு பழகவில்லை என்பதே பல நேரங்களில் உண்மை.

ஒரே கருவி, வேறு வேறு நாதம்

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய நாதஸ்வரத்தை நம் வானொலி நேயர்கள் மறக்க மாட்டார்கள். 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஒலித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லோர் கையிலும் இருந்தது நாதஸ்வரம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டால், பழகிய ரசிகர் இது இன்னார் என்று சொல்லிவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. ஏ.கே.சி. நடராஜன் வாசித்தது கிளாரினெட், மேல்நாட்டுக் கருவி. சாவிகள் நிறைந்தது. ஆனால் நாதஸ்வர மரபில் பயின்ற அவருடைய கமகங்கள் அந்தக் கருவியிலும் அப்படியே வந்தன. ராஜரத்தினம் பிள்ளையே பாராட்டி அவருக்குக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்ற பட்டத்தை வழங்கினார். கருவி மாறியது, உள்ளே இருந்த பாட்டு மாறவில்லை.

கலைஞர் என்னதான் செய்கிறார்? மூன்றைச் சொல்லலாம். முதலாவது மூச்சு. வயிற்றிலிருந்து எழும் அழுத்தம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இரண்டாவது நாக்கு. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் நாக்கால் வெட்டி வாசிப்பதை நம்மவர்கள் துத்துகாரம் என்கிறார்கள். டிரம்பெட் ஆசிரியர்களும் மாணவருக்கு முதலில் சொல்லித் தருவது 'து' என்ற நாக்கசைவைத்தான். ஒலிப்பதிவில் சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நறுக்கிவிட்டு நடுப்பகுதியைக் கேட்க வைத்தால், கேட்பவர்கள் எந்தக் கருவி என்றே தடுமாறுகிறார்கள். தொடக்கம் அவ்வளவு முக்கியம். மூன்றாவது காது. எந்த நாதம் வேண்டும் என்று மனத்துக்குள் முதலில் ஒலிக்க வேண்டும். உதடும் மூச்சும் அதைத் தேடிப் போகும்.

இந்த மூன்றையும் கடையில் வாங்க முடியாது. ஆசிரியரின் பக்கத்தில் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்துதான் பெற வேண்டும்.

தோட்டம் போனது, நாதம் என்னவாகும்?

1877இல் ஹியூ லோ கோலக்கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பிறகு பேராக் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் பால் வெட்ட வந்த இடங்களிலெல்லாம் மாரியம்மன் கோயில் எழுந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு மேளம் பேசுவது தோட்டத்து மக்களின் பெரிய காரியம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிற நகரங்களுக்கும் பிரிந்து போனார்கள். கோயில் சிலாங்கூருக்குப் போனவரையும் ஆண்டுக்கொரு முறை திரும்ப அழைக்கிறது. ஆனால் பூசை நேரத்தில் பல இடங்களில் ஒலிப்பது, பொத்தானை அழுத்தினால் தானே அடிக்கும் மின்சார மேளமும் மணியும்தான்.

வசதியுள்ள ஆலயங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கலைஞர்களை வரவழைக்கின்றன. அவர்களின் சேவை போற்றத்தக்கது. ஆனால் அனுமதிக் காலம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அவர்களிடம் சரளி வரிசை தொடங்கிய உள்ளூர்ப் பிள்ளை, வர்ணத்தைத் தொடும் முன்பே ஆசிரியரை இழக்கிறான். அடுத்து வருபவர் வேறு பாணி, வேறு சீவாளி, வேறு சுருதி. பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் விட்டுவிடுகிறான்.

நாதம் கருவியில் மட்டும் இருந்தால், கருவியை இறக்குமதி செய்து பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். அது கலைஞரின் மூச்சிலும் காதிலும் இருப்பதால், கலைஞரை இங்கேயே வளர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என்ன செய்யலாம்?

டிரம்பெட் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு எளிய மாணவர் வகை 'பி பிளாட்' போதும். பழையதாக இருந்தாலும் தவறில்லை. வால்வுகள் தடையின்றி எழுந்து இறங்குகின்றனவா, நகரும் குழல்கள் சிக்காமல் வருகின்றனவா, வாய்க்குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்று ஆசிரியரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாய்ப்பகுதியை நடுத்தர அளவில் தொடங்குவது வழக்கம். மிச்சப்படும் பணத்தை வாரந்தோறும் பாடத்துக்குச் செலவிடுங்கள். பெரிய கருவியைப் பிள்ளையின் வாசிப்பே ஒரு நாள் கேட்கும். அப்போது வாங்கிக் கொடுக்கலாம்.

நாதஸ்வரம் கற்கும் பிள்ளைக்குக் கருவி வாங்கும் முன் ஆசிரியர் எந்தச் சுருதியில் வாசிக்கிறார் என்று கேளுங்கள். திமிரியா, பாரியா என்பது அதைப் பொறுத்தது. கருவியோடு போதுமான சீவாளிகளையும் சேர்த்து வரவழையுங்கள். சீவாளி தீர்ந்துபோய் மூன்று மாதம் சாதகம் நின்றுவிட்டால் உதடு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வருகை தரும் கலைஞர் இங்கிருக்கும் காலம் முழுவதும் வாரம் இருமுறை வகுப்பு நடத்தச் செய்யலாம். பக்கத்துப் பக்கத்து ஆலயங்கள் கூடிப் பேசி, ஒரு கலைஞர் போனதும் அதே பாணி தெரிந்த மற்றொருவரை அழைத்தால் பாடம் தொடரும். நன்றாகத் தேறும் ஓரிருவரைப் பழனி ஆலயம் நடத்தும் நாதஸ்வர - தவில் பள்ளி போன்ற இடங்களுக்கு மேற்பயிற்சிக்கு அனுப்பி வைக்கலாம். திரும்பி வருபவருக்கு மாதச் சம்பளத்தோடு ஆலயத்தில் வேலை உறுதி என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். இல்லையேல் எந்தப் பெற்றோரும் துணிய மாட்டார்கள்.

நல்ல நாதஸ்வரம் ஒன்றை நரசிங்கம்பேட்டையிலிருந்து சில வாரங்களில் வரவழைத்துவிடலாம். அதை ஊதும் ஈப்போ பிள்ளை ஒருவர் உருவாகப் பத்து ஆண்டுகள் வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளை எந்த ஆலயம் முதலில் தொடங்கப் போகிறது?